செவலை கவ்விய உருண்டை

அர்ச்சுனன் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. முதலில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் சாணி தெளிக்கும் சத்தம் கேட்டது, எங்கோ ஒரு ஜீப் முனகிக்கொண்டு மேடேறியது. பிறகு வாசலில் கிடந்த வெறும் கயிற்றைப் பார்த்தான். நாயைக் காணவில்லை.

நேற்று சாயங்காலம் சாமைக் காட்டில் அவன் அவுட்டுக்காய் வைத்துவிட்டு வந்திருந்தான். காட்டுப்பன்றிக்கு வைத்தது. கொழுப்பு தடவிய சின்ன உருண்டைதான், ஆனால் பல் அழுத்தினால் வெடித்துத் தாடையைச் சிதறடித்துவிடும். ஃபாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் ஜெயில் என்பதால் பெண்டாட்டி நீலாவதியிடம்கூட மூச்சு விடவில்லை. "நாளைக்கு நாய அவுக்காத" என்று மட்டும் படுக்கப் போகும்போது சொல்லி வைத்தான். இருட்டோடு எழுந்து போய் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. பல நாள் காட்டுக் காவல் இருந்த அலுப்பில் கட்டை மாதிரி தூங்கிவிட்டான். காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் நீலாவதி கேட்கமாட்டாள் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனைத் தவிர ஊருக்கே தெரியும்.

நீலாவதி விடிந்ததும் நாய் செவலையை அவிழ்ப்பது பாடத்துக்காக. சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் செவலையை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஆலங்காயம் போகிறாள். அங்கே ஒரு மாந்தோப்பில் சிவசங்கரி என்ற பெண் நாய்களுக்கு வகுப்பு நடத்துகிறாள். அடி கிடையாது, சங்கிலியை வெட்டி இழுப்பது கிடையாது. சொன்னதைச் செய்தால் தின்ன ஏதாவது கிடைக்கும், தட்டிக்கொடுப்பார்கள். மலைமேல் இருக்கும் அவர்கள் ஊர் புதூர்நாடே சிரித்தது. ஜீப்காரர் நாய்க்கு அரை டிக்கெட் கேட்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அர்ச்சுனன். "அடுத்த வருசம் காலேஜில சேக்கப் போறோம்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனான்.

சிரிக்க அவனுக்கு யோக்கியதை கிடையாது. செவலை பக்கத்து வீட்டு மாணிக்கம்மாளின் கோழியைக் கவ்விக்கொண்டு வந்த அன்று, கோலால் அதை விளாசிவிட்டு வாயைப் பிளக்கப் போனவன் அவன்தான். நாய் கோழியையும் விடவில்லை, அவன் கட்டைவிரலையும் விடவில்லை. அன்றிலிருந்து வாயில் எது இருந்தாலும், அர்ச்சுனன் தலையைக் கண்டால் போதும், இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டு ஓடும். "இன்னொரு கோழி போச்சின்னா சோத்துல மருந்து வச்சிருவேன்" என்று மாணிக்கம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் நீலாவதி வகுப்பைத் தேடிப் போனாள்.

அர்ச்சுனன் எழுந்து ஓடினான். கதவோரம் சாத்தியிருந்த கோலைக் கை தானாக எடுத்துக்கொண்டது. வெளியே போனால் கோல் இல்லாமல் போய் அவனுக்குப் பழக்கமில்லை.

காட்டு முனையில் நீலாவதி நின்றிருந்தாள். சாமைக் கதிருக்கு நடுவிலிருந்து செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வாயில் உருண்டை.

"இன்னாத்தயோ தூக்கினு வர்றான் பாருங்க" என்றாள் நீலாவதி, சிரித்துக்கொண்டே.

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்கு வாய்த்த புண்ணியம். அதற்குள் செவலை அவனைப் பார்த்துவிட்டது, கோலையும் பார்த்துவிட்டது. நின்றது. வால் இறங்கியது. கன்னத்துச் சதை இறுகுவது அவன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"நீலா, அது அவுட்டுக்காய்" என்றான். காற்றுதான் வந்தது.

அவள் திரும்பவில்லை. நாயின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"கோல கீழ வைங்க. மெதுவா" என்றாள்.

அவன் குனிந்தான். முதுகு வளைந்ததுமே செவலை பதறிப் பின்னால் துள்ளியது. காது தலையோடு ஒட்டிக்கொண்டது. மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்று மலையில் குட்டி நாய்க்குக்கூடத் தெரியும். செவலைக்கு அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே அர்ச்சுனன்தான்.

"குனியாதீங்க. அப்டியே நில்லுங்க. அசையாதீங்க."

குனியவும் முடியாது, கோலை வீசவும் முடியாது, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அவன் கோலை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். அப்போதுதான் நீலாவதி நகர்ந்தாள். அவனை நாய் பார்க்க முடியாதபடி குறுக்கே போய் நின்றாள். அதனால் நாய்க்கு இன்னும் பக்கத்தில் போய்விட்டாள்.

அப்புறம் அவள் குனிந்தாள்.

நாய் ஓடவில்லை. வகுப்பில் முதல் மாதம் முழுக்க இதுதான் பாடம். குனி, தீனி வை, நிமிர். நாயைவிட அதிகம் வேலை வாங்கியது அதை வளர்ப்பவர்களைத்தான். "குனிஞ்சி நிமுர்றதுக்கு ஆலங்காயம் போவணுமா, வூட்டுலயே களை புடுங்கலாமே" என்று அர்ச்சுனன் கேட்டிருக்கிறான்.

"செவலே, வா" என்றாள் அவள். தினமும் கூப்பிடுகிற அதே குரல். குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்று அவன் கேலி பேசிய குரல். அதில் ஒரு நடுக்கமும் இல்லை.

செவலை அடி அடியாக வந்தது. வர வர அர்ச்சுனனுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் வெடித்தால் நாய் மட்டும் போகும். இப்போது நாயின் வாயும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. திரும்பிப் போயேன், எங்கேயாவது போய்ச் செத்துத் தொலையேன் என்று நாயைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினான். அப்படி நினைத்ததற்கு அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

அவள் முந்தானை முடிச்சிலிருந்து வறுத்த கருவாட்டை ஒரு கையில் எடுத்தாள். இன்னொரு கையை நாயின் தாடைக்குக் கீழே விரித்தாள்.

"விடு."

விடவில்லை. ஆட்டுக் கொழுப்பின் ருசி வாயில் இருக்கும்போது கருவாட்டுக்கு என்ன மதிப்பு? நாக்கால் உருண்டையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஒதுக்கியது. பல்லில் அது உரசுகிற சத்தம் கேட்டது. அர்ச்சுனன் தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். இன்னொரு தடவை சொல்லேன், அதட்டேன் என்று அவனுக்குள் ஒன்று கதறியது. நீலாவதி சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லு, அப்புறம் யோசிக்க நேரம் கொடு என்பது சிவசங்கரி சொல்லிக்கொடுத்தது. அவள் கையை விரித்தபடி காத்திருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது, துடைக்கவில்லை.

செவலை அவள் முகத்தைப் பார்த்தது. கருவாட்டைப் பார்த்தது. வாயைத் திறந்தது.

எச்சில் சொட்ட உருண்டை அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"என் ராசா" என்று அவள் கருவாடு முழுவதையும் கொடுத்தாள். அது மென்றுகொண்டிருக்கும்போதே உருண்டையைத் தண்ணீர்ப் பானையை இறக்குகிற பக்குவத்தில் ஒரு குழியில் வைத்தாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். செவலை அவள் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அர்ச்சுனன் பக்கத்தில் வந்ததும் அவன் கையிலிருந்த கோலை உருவித் தூர வைத்தாள்.

"இன்னொன்னு எங்க?"

இன்னொன்று இருப்பதாக அவன் சொல்லவேயில்லை, ஒன்றோடு நிற்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். "புளியமரத்தாண்ட" என்றான்.

"போய் எடுங்க."

"நாயப் புடிச்சிக்கோ."

"புடிக்க வேணாம். இரு செவலே." நாய் உட்கார்ந்தது. "நிப்பான். நீங்க போங்க."

வெறுங்கையோடு புளியமரம் வரை நடந்தான். வேருக்கு நடுவில் உருண்டை அவன் வைத்தபடியே இருந்தது. எடுப்பதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கயிறு இல்லை, சங்கிலி இல்லை. செவலை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது, கண் மட்டும் அவன் மேல்.

உருண்டையை எடுக்க மெல்லக் குனிந்தான். அவ்வளவு தூரத்திலும் நாயின் உடம்பு ஒரு தரம் உதறிப்போட்டது. நீலாவதியின் காலோடு ஒண்டிக்கொண்டது. ஆனால் எழுந்து ஓடவில்லை.

அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு அழுகை வந்தது.

"அடிக்க மாட்டேன்டா" என்றான், குனிந்தபடியே. "ஒன்ன அடிக்க மாட்டேன்." நாய்க்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் நிமிராமல் அப்படியே இருந்தான், அது நடுங்குவது நிற்கும்வரை.