பிஸெராவின் இருமல்

புதன்கிழமைதோறும் மலையேறி வரும் டாக்டர் இனி வரமாட்டார் என்ற பேச்சு ரொட்டி வண்டியோடுதான் ஊருக்குள் வந்தது. நோயாளிகள் குறைந்துவிட்டார்களாம். நகரத்துச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் இந்தப் புதன்கிழமை நேரில் வருவாராம். கூட்டம் இல்லையென்றால், பழைய பள்ளிக்கூடத்தில் டாக்டர் உட்காரும் அறையைப் பூட்டிவிடுவார்களாம்.

ஸ்லாதினா அதைக் கேட்டதும் வேலியோரம் ஓடினாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிஸெராவுக்கு நெஞ்சு பலவீனம். பனி விழுந்தால் பஸ் நின்றுவிடும். டாக்டரின் ஜீப் மட்டும் சக்கரத்தில் சங்கிலி கட்டிக்கொண்டு மலையேறும். அதுவும் வராவிட்டால் பிஸெரா சோஃபியா நகரத்துக்கு, மகளின் ஐந்தாம் மாடி வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"அங்க போயி என்னடி செய்வேன்? ஜன்னல்ல நின்னு புறாவோட பேசவா?" என்றாள் பிஸெரா.

"நீ எங்கயும் போக வேணாம். ஊரே நோயாளி ஆயிடுவோம்."

சொல்வது சுலபம். ஆடு மேய்த்து, விறகு பிளந்து, தயிர் தின்று வளர்ந்த உடம்புகள். டாக்டரிடம் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் பிஸெராவிடம்தான் போய் நின்றார்கள். அவளும் உருளைக்கிழங்கு உரித்தபடியே வந்தவர்களுக்கெல்லாம் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

புதன்கிழமை அறை வாசலில் கூட்டம் நெரிந்தது. நகரத்து அம்மாள் டாக்டர் கரமனோவுக்குப் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மரம் வெட்டும் ஸ்பாஸ் முதலில் போனான்.

"வலது விலாவுக்குக் கீழ குத்துது டாக்டர். விடியக்காலைல இருமல். படுத்தா மூச்சு வாங்குது."

அடுத்து அவன் மனைவி. அவளுக்கும் வலது விலா. அதற்கடுத்து சாராயம் காய்ச்சுகிறவர். அவருக்கும் விடியக்காலை இருமல்.

வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்லாதினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிஸெராவின் ஒரே நோயை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருக்கிறோமே! தன் முறை வந்ததும் வேறு எதையாவது சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வலது விலாதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கே டாக்டர்! பரவுற நோயா இருந்தா என்ன பண்றது?"

"எக்ஸ்ரே வண்டி அனுப்பச் சொல்லி வருஷக்கணக்கா எழுதிட்டுதாம்மா இருக்கேன்," என்றார் டாக்டர், கண்ணாடியை மாட்டாமலே.

அடுத்த வாரமே வண்டி மலையேறி வந்தது. பிஸெராவைத்தான் முதலில் ஏற்றினார்கள். படத்தைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றினார். வாராவாரம் தானே வந்து பார்த்துக்கொண்டால் குளிர்காலத்தை வீட்டிலேயே கழிக்கலாம் என்றார். மற்றவர்களின் நெஞ்செல்லாம் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனாலும் அலுவலகத்துக்குப் பயம் விடவில்லை. வசந்தம் வரை டாக்டர் தவறாமல் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஜீப்பில் ஏறும்போது டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்லாதினாக்கா, அடுத்த தடவை வீட்டுக்கு ஒரு நோயாப் பிரிச்சுக்குங்க."

ஸ்லாதினா முழங்கால் வலியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா அடையைத் தட்டில் ஏந்தி, நொண்டிக்கொண்டே வேலியைத் தாண்டிப் போனாள்.

"ஏண்டி, காலைல வலது காலைத்தானே நொண்டுன?" என்றாள் பிஸெரா.

"ரெண்டு காலுக்கும் பழக்கம் வேணாமா?"

பிஸெரா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. ஸ்லாதினா தட்டை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். இருமல் தானாகவே அடங்கியது.

"சூடு ஆறுதுடி, வெட்டு," என்றாள் பிஸெரா.