அஞ்சுகத்தின் மூன்று மா பனி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு புரட்டாசி ஏழாம் தேதி, சுரக்குடி அஞ்சுகத்தின் மூன்று மா நிலத்தில் மட்டும் சூரியன் மறையவில்லை. பக்கத்து வயல்களில் வழக்கம்போல் இருட்டியது. அவள் வரப்புக்குள் மட்டும் வெயில் தரையோரமாகவே நகர்ந்து, ராப்பகலாக நிலத்தைச் சுற்றிவந்தது. அதுவும் இடமாகச் சுற்றியது. சாமியை வலம் வந்தே பழகிய ஊருக்கு இதுதான் பொறுக்கவில்லை. வெளிச்சத்தைக்கூட மன்னித்திருப்பார்கள். அபசகுனம் என்று பங்காளி நடராசன் வீடு வீடாகச் சொல்லிவைத்தார்.

அஞ்சுகம் காதில் போட்டுக்கொள்ளாமல் சம்பா நட்டாள். வெளிச்சம் நிறைய இருந்தால் விளைச்சலும் நிறைய இருக்கும் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? பயிர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பச்சைப்பசேலென்று நின்றது. தை பிறந்தும் ஒரு கதிர்கூட வரவில்லை. காரைக்காலிலிருந்து வந்த விவசாய அதிகாரி சண்முகசுந்தரம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

“இது தென்துருவத்துச் சீதோஷ்ணம்மா. ஆறு மாசம் பகல், ஆறு மாசம் ராத்திரி. அங்க சூரியன் இடமாத்தான் சுத்தும், தப்பில்ல. ஆனா சம்பாவுக்குப் பொழுது குறையணும். ராத்திரி நீண்டாத்தான் அது கதிர் விடும்.”

அவர் சொன்னபடியே பங்குனியில் சூரியன் இறங்கியது. மறுபடி புரட்டாசியில்தான் எழுந்தது. அந்த இருட்டில் குளிரும் வந்து சேர்ந்தது. பனி கொட்டோ கொட்டென்று கொட்டும் என எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். துருவம் வறண்ட பூமி, வருஷத்துக்கு ஒரு சாண் பனி விழுந்தாலே அதிகம். ஆனால் விழுந்ததில் ஒரு பொட்டும் உருகவில்லை. தரையோரம் சுற்றும் வெயிலுக்கு வெளிச்சம்தான் உண்டு, சூடு கிடையாது. சாண்மேல் சாணாகப் பனி ஏறி இறுகியது. கணவன் மருதையன் காரைக்காலில் குமாஸ்தா. அலுவலகத்தில் கேலி தாங்காமல், “யாருக்காச்சும் குடுத்துட்டு டவுனுக்கு, கோவில்பத்துக்குப் போயிடுவோம்டி” என்று வருஷா வருஷம் கெஞ்சினான்.

“எங்கப்பா எனக்குன்னு குடுத்த நெலம். வெளைஞ்சாலும் என்னுது, ஒறைஞ்சாலும் என்னுது” என்பாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாகுபடி செய்பவளைப் போலவே வருஷம் தவறாமல் வரப்பு வெட்டி அணைத்தாள். ஊர் சிரித்தது.

எண்பத்திரண்டில் மேட்டூரிலும் தண்ணீர் இல்லை, ஐப்பசி மழையும் பொய்த்தது. கடைமடை ஊருக்கு வாய்க்காலில் வந்தது புழுதிதான். சம்பா சுருண்டது. அப்போது அஞ்சுகத்தின் பனி ஓர் ஆள் உயரம் இருந்தது. அவள் நடவுக்காரி காசியம்மாளையும் பதினாறு பெண்களையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு கடப்பாரை கொடுத்தாள். கட்டி கட்டியாக உடைத்து வரப்புக்கு வெளியே உருட்டினார்கள். வரப்பைத் தாண்டியதும் அது காரைக்கால் வெயில். கட்டி நின்ற இடத்திலேயே தண்ணீராகி வாய்க்காலில் ஓடியது. “நடராசண்ணன் வயலுக்கு மொதல்ல திருப்பி விடுங்கடி, அவருதுதான் ரொம்ப வாடிக் கெடக்கு” என்றாள் அஞ்சுகம். நடராசன் தலையைக் குனிந்துகொண்டு மடை திறந்தார். சில்லென்ற தண்ணீரில் கால் மரத்துப்போனது, ஆனால் பயிர் நிமிர்ந்தது.

செய்தி பரவி மேற்கேயிருந்து, தலைமடை ஊர்களிலிருந்து, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டிகள் வந்தன. மாநில எல்லைச் சாவடிக்காரர்கள் பனிக்கட்டிக்கு என்ன சீட்டு எழுதுவது என்று விழித்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். காலங்காலமாக முதல் தண்ணீர் குடித்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். பெருமையில் அஞ்சுகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

“நில்லுங்க, தாரேன். எங்க ஊருக்குப் பாஞ்சு முடியட்டும்.”

அந்தத் தையில் சுரக்குடியில் களம் நிரம்பியது. பயிர்ப் பதிவுக்கு வந்த கிராம அலுவலர், பாசன ஆதாரம் என்ற இடத்தில் வாய்க்கால் என்றிருந்ததை அடித்துவிட்டு, அஞ்சுகம் என்று எழுதினார். மேலிடத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.