ஆன் செய்ய மறந்த கருந்துளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் கேன்டீனில் நண்பனுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் தன் கணவனிடம் சொன்னாள்: "கருந்துளைய ஆன் பண்ண மறந்துட்டேன்." அடுப்பை அணைக்க மறந்தவளின் அதே குரல். உடனே இருவரும் எழுந்து போய்விட்டார்கள். மீதி என் கைச்சரக்கு. ஒட்டுக்கேட்டதற்கு வெட்கப்படவில்லை, என் பிழைப்பே அதுதான்.

2

முதல் தொடக்கம்: "பேரண்டத்தின் இருண்ட மூலையில், கோடானுகோடி..." (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: அவள் கணக்குக்காரி. விண்மீன் மண்டலங்களின் பெருங்கூட்டத்தைக் கணினிக்குள் கட்டி எழுப்புவது அவள் வேலை. அவன் படக்காரன். அப்படியொரு கூட்டத்தின் எடை, பின்னாலிருந்து வரும் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று தொலைநோக்கிப் படங்களில் அளப்பவன். அவள் கட்டியதும் அவன் அளந்ததும் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன. இன்று மதியம் அதை ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர்கள் கூடும் சபையில் காட்டப்போகிறான். எடுபட்டால் அவன் வேலை நிரந்தரம்.

(அடிக்குறிப்பு மாதிரி: நடுவிலுள்ள கருந்துளை விழுங்குவதோடு நிற்காது, ஆற்றலைக் கக்கிச் சுற்றியிருக்கும் வாயுவை வெளியே தள்ளும். நடுவில் எடை குறையும், ஒளியும் குறைவாகத்தான் வளையும். நண்பன் விளக்கியது இது. பிழை இருந்தால் என்னுடையது.)

அந்தக் கருந்துளையைத்தான் அவள் தன் கணினிக் கணக்கில் ஆன் செய்யவில்லை. ஆன் செய்து ஓட்டினால் எதுவும் பொருந்தவில்லை.

3

அவனைக் கெட்டவனாக்கித்தான் முதலில் எழுதினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடு என்று... (அடித்துவிட்டேன். கேன்டீனில் அவள் மிச்சம் வைத்ததைக் கேட்காமலே எடுத்துத் தின்ற ஆள் அவன். அப்படியெல்லாம் உறுமமாட்டான்.)

அவன் கேட்டது இது: "அப்ப வானத்துல அத ஆன் பண்ண மறந்தது யாரு?"

நியாயமான கேள்விதான், கருந்துளை இல்லாத கணக்குத்தானே அவன் அளந்ததோடு பொருந்தியது. அவளே ஆடிப்போனாள். ஆனாலும் விடவில்லை.

"அது இல்லாம ஓட்டுனா நடுவுல இருக்குற மண்டலத்துல நட்சத்திரம் அளவுக்கு மீறிப் பெருகிக் கொழுத்துப் போகுது. உன் படத்துல அப்படியா இருக்கு?"

இல்லை. அவனுக்கும் தெரியும். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தப்பு அவளுடையது, போகப்போவது அவன் வேலை.

4

முடிவு அ: அவள் வாயே திறக்கவில்லை. வேலை கிடைத்தது. இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். (அதுதான் உறுத்துகிறது.)

முடிவு ஆ: அவள் எழுந்து உண்மையைச் சொல்ல, சபையே கைதட்டி... (சினிமாத்தனம்.)

கடைசியாக எழுதியது: இரண்டும் பொருந்துவதைக் காட்டும் படம் திரையில் வரும்வரை அவன் தடங்கலில்லாமல் பேசினான். படம் வந்ததும் நிறுத்தினான், தண்ணீர் குடித்தான். "இந்தக் கணக்கப் போட்டவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்."

நம்பிக்கையில் சொன்னானா, பழியை அவள் தலையில் கட்டினானா, எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும்தான். ஆனால் எழுந்துவிட்டாள்.

இதற்கு மேல் எழுதமாட்டேன். அவள் உண்மையைச் சொல்லிவிடட்டும் என்று உங்களுக்குத் தோன்றும். சுலபமாகத் தோன்றும். தாராளமாகச் சொல்ல வையுங்கள். கூட்டம் முடிந்ததும் அவனோடு ஒரே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியவள் அவள். பஸ்ஸில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்.