அறிவிப்பை வெட்டியவர்

பில் கேட்ட நிமிடத்திலிருந்தே கணேசமூர்த்திக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம். வடக்கு மாட வீதியில் பதினோரு வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறார். கச்சேரி நிரப்பிய பென்டிரைவுக்கு இதுவரை ஒருத்தர்கூட பில் கேட்டதில்லை. இவளோ பேரமும் பேசவில்லை. மயிலாப்பூரில் பேரம் பேசாதவளை எப்படி நம்புவது?

பென்டிரைவில் இருந்தவை எல்லாம் சபாக்களில் யாரோ சட்டைப்பையில் போனை ஒளித்து எடுத்த பதிவுகள். போன வாரம்தான் வக்கீல் சிதம்பரநாதன் வந்து பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். "தெரிஞ்சே வித்தா ஆறு மாசத்துக்குக் குறையாம உள்ள போகணும்யா. எவன் கேட்டாலும், யாரோ குடுத்தாங்க, திருட்டுப் பதிவுன்னு எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லு." அந்தத் 'தெரியாது' ஒன்றைத்தான் கணேசமூர்த்தி தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தார்.

"பில் புக்கு தீந்துபோச்சும்மா," என்றார்.

"பரவால்லண்ணா. நான் ஹம்சினி, பக்கத்துத் தெருதான்." கேட்காமலே பெயர் சொல்கிறாளே! போனை வேறு கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வைக்கிறாள். ஆடியோ கம்பெனி ஆளா, போலீஸா? ஆழம் பார்க்க ஒரு பதிவை ஓடவிட்டார். "என்ன ராகம், சொல்லுங்க பாப்போம்."

"சுத்த சாவேரி. ஆனா வேற எடத்துல வாங்கினதுல, 'ஒலிப்பதிவு செய்யக் கூடாது'ன்னு சபாக்காரா அறிவிப்பு வந்துண்டே இருந்ததுண்ணா. ஆத்துல போட்டா எல்லாரும் சிரிக்கறா."

கணேசமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அறிவிப்பு இடைஞ்சல் என்று அலுத்துக்கொள்பவள் அசல் ரசிகையாகத்தான் இருக்க வேண்டும். பாவம், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"நம்மகிட்ட அந்தத் தொல்லையே கிடையாதும்மா. ஒண்ணொண்ணா நானே உக்காந்து வெட்டிருவேன்."

"எல்லாத்துலயுமா?"

"நாப்பது கச்சேரியிலயும்!"

அவள் போனைத் திருப்பினாள். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப பாடிண்டிருக்கறது எங்கம்மா. பதிவு பண்ணாதேள்னு அவ கேட்டுண்டுதான் அன்னிக்கு அந்த அறிவிப்பே போட்டா. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது, இல்லையா அண்ணா?"

கணேசமூர்த்திக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா நியாயம் இது? ஒரு வார்த்தை கேக்காம எப்படி நீங்க ரெக்கார்டு பண்ணலாம்?"

அதுவும் பதிவானது.