கடைமடைக் கார்டு

அறுபத்தெட்டாம் வருஷம் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, பயிர் மகசூல் ஆய்வு அலுவலகம் என்று பலகை மாட்டினார்கள். செம்மலை அங்கே தற்காலிக உதவியாளன். அவனுக்கு மேலே டாக்டர் இராமநாதன். அமெரிக்காவில் புள்ளியியல் படித்துவிட்டு வந்தவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது, குரலும் உயராது. அதட்டாமலே ஆளை முடிக்கிற வித்தை சிலருக்குத்தான் வரும், அவருக்கு அது நன்றாகவே வந்தது.

வேலை இதுதான். ஜில்லா முழுக்கக் குலுக்கலில் எந்தப் புல எண் விழுகிறதோ, அந்த வயலில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, கட்டத்துக்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுத வேண்டும். வயலுக்கு ஒரு கார்டு. என்ன விதை, எவ்வளவு உரம், எவ்வளவு மழை, எவ்வளவு நெல் என்பதெல்லாம் அந்தக் கார்டில் ஓட்டைகளாகும். ஆயிரக்கணக்கான கார்டுகள் பெட்டி பெட்டியாக மெட்ராசுக்குப் போகும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அத்தனையையும் தின்றுவிட்டு, மகசூலுக்கு எது எவ்வளவு காரணம் என்று எண்களாகக் கக்கும். அந்த வருஷம், எல்லாம் புது ரக விதையால் வந்தது என்று கக்கியது. இத்தனை ஆயிரம் வயல் ஒரே குரலில் சொல்லும்போது சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று இராமநாதன் மேலிடத்துக்கு எழுதினார். திட்டம் வரப்போகிறது, பழைய விதையை ஒழித்துவிட்டு ஜில்லா பூராவும் புது ரகம்தான் என்று பேச்சாகிவிட்டது.

செம்மலைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கண்மாய்கள் போட்ட வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, கணக்கு சொன்னதைவிட அதிகம் விளைந்த வயலுக்குப் பச்சை ஊசியும், குறைவாக விளைந்த வயலுக்குச் சிவப்பு ஊசியும் குத்தினான். கணக்கு சரியாக இருந்தால் இரண்டு நிறமும் கலந்து சிதறிக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஒவ்வொரு கண்மாயிலும் மடைக்குப் பக்கத்தில் பச்சை மொய்த்தது. தண்ணீர் எட்டாத கடைமடையில் சிவப்பு மொய்த்தது. அந்தச் சிவப்பை அவன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். ஏனென்றால் அவனும் ஒரு கடைமடைக்காரன் வீட்டுப் பிள்ளை.

இராமநாதன் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பக்கத்து வயலும் பக்கத்து வயலும் ஒரே தண்ணியக் குடிக்குது, ஒரே மண்ணுல நிக்குது. ஒண்ணு சொன்னதத்தான் இன்னொண்ணும் சொல்லும். நாம அத ஆயிரம் சாட்சின்னு எண்ணிட்டோம். நெசத்துல ஒரே சாட்சி ஆயிரம் தடவ பேசிருக்கான். மடையோரத்துக்காரன்தான் புது விதை வாங்குனான், தண்ணியும் அவனுக்குத்தான் வந்துச்சு. பேரு மட்டும் விதைக்குப் போயிருச்சு," என்றார்.

"அப்ப இத எப்படி சார் சரிபண்றது?"

"பக்கத்து வயல்களோட சராசரி மகசூல ஒரு பத்தியாச் சேத்துக் கணக்குக்குள்ளயே விட்டுறணும். அக்கம்பக்கத்தால வந்தது எவ்வளவு, விதையால வந்தது எவ்வளவுன்னு அப்பப் பிரிஞ்சுரும்."

சொன்னதோடு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மெட்ராசிலிருந்து திரும்பி வந்த கார்டுகளில் ஒரு கட்டு எடுத்து, கைச்சுற்றுக் கணக்கு இயந்திரத்தில் சாயங்காலம் வரை தானே போட்டுக் காட்டினார். விதைக்கு வந்த எண் தேய்ந்து தேய்ந்து இருக்கிற இடம் தெரியாமல் போனது. அந்தக் கை ஓடுகிற அழகைப் பார்த்து செம்மலை மலைத்துப் போனான். போட்டு முடித்த தாளை இராமநாதன் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். திட்டம் வரலேன்னா இந்த ஆபீசும் கிடையாது, உன்ன நிரந்தரம் பண்ண எடமும் கிடையாது. உன் பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு சொன்னேல்ல?"

செம்மலை தலையாட்டினான். அவ்வளவுதான். ஒரு மனுஷன் விலை போவதற்கு ஊர் கூட வேண்டும், தாரை தப்பட்டை வேண்டும் என்று யாராவது நினைத்தால், அது தப்பு.

"இன்னொண்ணு. மாதிரிக் கிராமமா உங்க ஊரத்தான் போட்டுருக்கேன். உங்கக்கா மொதல்ல வெதைக்கட்டும். ஆபீஸ்காரன் அக்காளே வெதைக்கலேன்னா மத்தவன் எப்படி வெதைப்பான்?"

அக்கா அக்கம்மாளுக்குக் கொத்தமங்கலம் பக்கத்துக் கிராமம். புருஷன் செத்தபின், ஊர்க் கோயில் நிலம் ஒரு துண்டை, கண்மாயின் கடைசிக் கோடியில், வாரத்துக்கு உழுது பிழைத்தாள். விளைந்ததில் பாதி கோயிலுக்கு, பாதி அவளுக்கு. செம்மலையைக் கல்லூரி வரை படிக்க வைத்தது அந்தப் பாதிதான். மழையை நம்பிப் புழுதியிலேயே சிவப்பு நெல்லை விதைத்துவிடுவாள். அதிகம் விளையாது, ஆனால் எந்தப் பஞ்சத்திலும் அது அவளை முழுசாகக் கைவிட்டதில்லை.

தம்பி வந்ததும் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"புது நெல்லு வெதைக்கச் சொல்லி ஆபீஸ்காரவுக வந்தாக. தண்ணி நிண்டுக்கிட்டே இருக்கணுமாம்ல. நம்ம வயலுக்கு எங்கிட்டுத் தம்பி தண்ணி வருது? நீ சொல்லு, வெதைக்கலாமா?"

வேண்டாம் என்ற வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்தது. சோற்றோடு அதையும் விழுங்கினான்.

"வெதைக்கலாம்க்கா. நான் கணக்குப் பாத்துருக்கேன்."

"நீ பாத்தாச் சரிதான்," என்றாள் அக்கா. பானையில் எடுத்து வைத்திருந்த சிவப்பு விதைநெல்லை மறுநாளே குத்திச் சோறாக்கிவிட்டாள். கடைமடைக்காரர்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தே புது நெல் விதைத்தார்கள்.

ஐப்பசி மழை ஏமாற்றியது. கண்மாய்த் தண்ணீர் மடையோரத்து வயல்களோடு நின்றுவிட்டது. கடைமடையில் பயிர் முழங்கால் உயரம் வந்து, கருகி, அப்படியே நின்றது. கருகியதை வைத்து என்ன செய்வது? மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்து விட்டார்கள்.

தை மாதம் குலுக்கல் வந்தது. மெட்ராசிலிருந்து வந்த பட்டியலில் அந்தக் கிராமத்துக்கு விழுந்த எண் அக்கம்மாளின் வயல். கயிறும் முளைக்குச்சியும் தூக்கிக்கொண்டு செம்மலை போய் நின்றபோது, வயலில் ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. நிற்கிற பயிர் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போகவேண்டும் என்பது அலுவலக விதி. மேய்ந்த வயலைப் பயிர் இல்லாத வயலாகத்தான் எண்ண வேண்டும் என்பது இராமநாதன் வாய்மொழியாகச் சொன்னது. அடுத்த வயலும் மேய்ந்து கிடந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. செம்மலை வரப்பு வரப்பாக மேலே ஏறிப் போனான், பின்னாலேயே அக்காவும் வந்தாள்.

"ஏந்தம்பி, எங்க வயல எழுத மாட்டியா?"

"அறுக்க ஒண்ணும் இல்லையேக்கா."

"இல்லேன்னு எழுதக் கூடாதா? ஒண்ணும் வெளையலேங்கறதும் ஒரு கணக்குத்தானே?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மடைக்கு நேர் கீழே ஒரு வயல் பச்சையும் மஞ்சளுமாகத் தலைசாய்த்து நின்றது. அங்கே முளையடித்தான், அறுத்தான், நிறுத்தான். கார்டின் தலைப்பில் மட்டும் பழைய எண்ணே இருந்தது. பட்டியலில் வந்த எண்ணை மாற்றினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்பதால் மாற்றுகிற வழக்கம் இல்லை. மடையோர நெல் அக்கம்மாள் வயலில் விளைந்ததாகக் கார்டில் ஓட்டை விழுந்தது.

அது கார்டோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாதிரிக் கிராமம் அல்லவா, ஊருக்குள் பஸ் நிற்கிற இடத்தில் பெயின்ட் அடித்த ஒரு பலகை வைத்தார்கள். கடைமடையிலும் புது ரகம் சாதனை என்று போட்டு, புல எண்ணையும் மகசூலையும் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். கோயில் தர்மகர்த்தா முத்தையா செட்டியார் பள்ளத்தூர்க்காரர். வாரம் பிரிக்கக் காரில் வந்தவர், இறங்கியதும் அதைத்தான் படித்தார்.

கருப்பர் கோயில் வாசலில் ஊர் கூடியது, செம்மலையையும் வரவழைத்திருந்தார்கள். அக்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"என்னத்தா, இம்புட்டு வெளைஞ்சிருக்கு, கோயில் பங்கு எங்க?"

"ஒரு மணி வெளையலீங்கய்யா. ஆடு மேஞ்சுருச்சு. வேணும்னா சுத்தி உள்ளவுகளக் கேட்டுப் பாருங்க."

சுற்றியுள்ள வயல்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். செட்டியார் கையை உயர்த்தினார்.

"நீங்கள்லாம் ஒரே வரப்புக்காரவுக. ஒருத்தன் சொன்னதத்தான் இன்னொருத்தனும் சொல்லுவீக. இது பத்துச் சாட்சி இல்லப்பா, ஒரு சாட்சி. வரப்புக்கு வெளிய உள்ள ஆளு சொல்லணும்." அவர் செம்மலை பக்கம் திரும்பினார். "கார்டு எழுதுனது நீதானே? அதுல உள்ளது நெசமா?"

இராமநாதன் மறைத்த கணக்கை, ஒரு எண்ணும் போடாமல் செட்டியார் போட்டுவிட்டார். ஆனால் போடக் கூடாத இடத்தில் போட்டார். போன வாரம் வந்த வேலை நிரந்தர உத்தரவு செம்மலை பைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. கார்டு பொய் என்றால் அந்தத் தாளும் போகும். கார்டு நிஜம் என்றால் அக்கா கோயில் நெல்லைத் திருடியவள் ஆவாள்.

"கார்டுல உள்ளது சரிதான்," என்றான்.

கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். "அப்படின்னாச் சூடத்த அணைச்சுச் சொல்லச் சொல்லுங்க," என்றான் இன்னொருவன். அந்த ஊரில் கடைசித் தீர்ப்பு அதுதான். கருப்பர் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக அணைத்தவன் வீட்டில் பிள்ளை தங்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். செம்மலையின் மனைவிக்கு அது நிறைமாதம். ஆனாலும் அவன் கையை நீட்டினான். அந்தப் பாவி நீட்டத்தான் செய்தான்.

அவன் கை தட்டுக்குப் போவதற்குள் அக்கம்மாள் குறுக்கே வந்து விழுந்தாள்.

"அவன் அணைக்க வேணாம். நான்தான் எடுத்தேன். நெல்லு வெளைஞ்சது, நான்தான் வித்துத் தின்னுட்டேன். என் தம்பி சொன்னது சரி. சூடத்த எடுத்துட்டுப் போங்கய்யா."

அவள் திருடவில்லை என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். செட்டியாருக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அவளே சொன்ன பிறகு அவரென்ன செய்வார், நிலத்தை வேறு ஆளுக்கு விட்டார். கோயில் நெல்லைத் தின்றவள் என்ற பெயரோடு அக்கம்மாள் ஊரை விட்டுப் போனாள். போகும்போது செம்மலையைப் பார்த்து, "அவளப் பத்திரமாப் பாத்துக்க. மொதப் பிரசவம்," என்று மட்டும் சொன்னாள். பிள்ளை சுகமாகப் பிறந்தது, ஆண் பிள்ளை.

நாலு வருஷம் ஓடியது. திட்டம் ஜில்லா முழுக்கப் போய்ச் சேர்ந்து, இராமநாதனுக்குப் பேரும் புகழும் வந்து, அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் எழும்பிக்கொண்டிருந்தது. எழுபத்துமூன்றில் ஒருநாள் அவர் உற்சாகமாக வந்தார். வெளிநாட்டில் இப்போது எல்லாரும் அக்கம்பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதைப் பற்றித்தான் எழுதுகிறார்களாம். பழைய கார்டுகள் எல்லாவற்றையும் அந்தப் பத்தியோடு திரும்ப ஓட்டி, புது விதை என்று நாம் நினைத்தது வெறும் தண்ணீர்தான் என்று காட்டினால், மாநாட்டில் கை தட்டுவார்கள் என்றார்.

"அப்பவே இத நீ பாத்தேல்ல? உன் பேரையும் நன்றியில போடுறேன்."

செம்மலை திரும்பவும் வரைபடம் மாட்டி, மகசூலுக்குத் தக்கபடி ஊசி குத்தினான். இராமநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். விரல் நேரே கொத்தமங்கலம் பக்கத்துக் கண்மாய்க்குப் போய் நின்றது. கடைமடையில், சுற்றிலும் மற்ற வருஷத்துச் சிவப்புக்கு நடுவே, ஒற்றைப் பச்சை.

"இது பொய்க் கார்டு."

"எப்படி சார் சொல்றீங்க?"

"சுத்தி உள்ளது பூராம் வருஷா வருஷம் செத்துக் கெடக்கு. நடுவுல இது மட்டும் எப்படிய்யா வெளையும்? பாத்தாலே தெரியலையா? எவனோ மடையோரத்துல அறுத்து இங்க எழுதிருக்கான். யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"சரி விடு, ஒரு கார்டுதானே. எடுத்துரு, மாடல் இன்னும் நல்லாப் பொருந்தும்."

செம்மலை கார்டைத் தேடி உருவி, குப்பைக் கூடையில் போட்டான். ஊசியைப் பிடுங்கினான். சன்னலுக்கு வெளியே புதுக் கட்டடத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த சித்தாள்களில் அக்கம்மாளும் ஒருத்தி. கான்டிராக்டரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அக்காளுக்கு அவன் செய்த ஒரே உபகாரம் அது.

சன்னலில் அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் நின்றாள். சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏந்தம்பி, மொகம் வாடிக் கெடக்கு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா," என்றான்.