காக்கை விரட்டாத கொட்டகை

ஜெகதாப்பட்டினத்தில் பிறந்தவள் ஜெகதாப்பட்டினத்துக்கே சோதனை போட வந்தால் ஊர் சும்மா விடுமா? "சொந்த ஊரையே காட்டிக்குடுக்க வர்றா பாரு" என்று கருவாடு விற்கும் செபமாலை அக்கா காதுபடவே சொன்னாள். வனக்காப்பாளர் அன்புமொழி கேட்காததுபோல் நடந்தாள். காது மட்டும் சுட்டது.

பீட்டரின் கருவாட்டுக் கொட்டகையில் கடல் அட்டை பதுக்கியிருப்பதாகத் துப்புக் கொண்டுவந்தவள் அவள்தான். சட்டப்படி பிடிக்கவே கூடாத கடல் உயிரை அவித்துக் காயவைத்துக் கள்ளத்தனமாகக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் கொட்டகையைப் புரட்டியும் ஒன்றும் சிக்கவில்லை. சோதனைக்குக் கூட்டிவந்த வனத்துறை ரேஞ்சர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். இன்று வெறுங்கையோடு திரும்பினால் இனி எங்கேயும் அவள் பேச்சு எடுபடாது.

முற்றத்து மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்கைகள் கூட்டமாக இறங்கிக் கொத்தின. பீட்டர் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு 'சூ' கூடச் சொல்லவில்லை. அன்புமொழிக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நாளெல்லாம் குச்சியோடு உட்கார்ந்து காக்கை விரட்டியவள் அவள். காயப்போட்ட மீனைக் காக்கைக்கு விட்டுக்கொடுக்கும் வியாபாரி இந்தக் கரையில் எவன் இருக்கிறான்?

"சார், அந்த மீன அள்ளிட்டு அடியில தோண்டச் சொல்லுங்க."

ஒரு முழம் தோண்டியதும் சாக்கு தட்டுப்பட்டது. அவித்த அட்டை, பதினொரு மூட்டை. பீட்டரின் முகம் தொங்கிப்போனது.

பிடிபட்ட பொருளுக்கு எழுதும் மகஜரில் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேஞ்சர் காகிதத்தை நீட்டியதும் வேடிக்கை பார்த்த கூட்டம் பின்வாங்கியது. பீட்டரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? அப்போது ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மரியசெல்வம் முன்னால் வந்தார். அன்புமொழியின் அப்பா. மகளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் "கவர்மெண்ட் ஆபீஸு" என்று மூன்று வருஷமாக மழுப்பி வந்தவர்.

"நான் போடுறேங்க."

"நீங்க இவங்க அப்பாவாமே. சொந்தக்காரங்க வேண்டாங்க, கோர்ட்டுல கேள்வி கேப்பாங்க" என்றார் ரேஞ்சர்.

மரியசெல்வம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஆமா, எம் மகதான்! கண்டுபிடிச்சது எம் மகதான்! எங் கையெழுத்து செல்லாதாம். செல்லுற கை இங்கிட்டு யாருக்கு இருக்கு?"

குரல் ஐஸ் பிளாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். அன்புமொழி அன்றைக்கு முதல்முறையாகக் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

செபமாலை அக்கா கையிலிருந்த செதிலைச் சேலையில் துடைத்தாள். "பேனாவக் குடுங்க. நானும் காக்கா வெரட்டுனவதான், எனக்கு இது தோணலையே!"

இரண்டு பேர் போதும் என்று ரேஞ்சர் சொன்ன பிறகும் அவள் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.