கண்ணெதிரே விழுங்க வேண்டிய மாத்திரை

புதுப்பட்டினம் பஜாரில் கிஃபாயத்துல்லா பாய் ஜவுளிக்கடை என்றால் மரியாதையான கடை. அணுமின் நிலைய டவுன்ஷிப் அம்மாக்கள் புடவை எடுக்க வந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவே ஃபேனுக்கு நேர்கீழே நான்கு குஷன் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

2002-ல் சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பிரிவிலிருந்து ராஜேந்திரன் என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, டி.பி.யில் இருமி இருமியே மவுத்தானவர். இப்போது அந்தக் கதை இல்லை என்றார் ராஜேந்திரன். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை, வாரத்துக்கு மூன்று நாள், ஆறே மாதம், எல்லாம் இலவசம். ஆள் எழுந்து பழையபடி வேலைக்குப் போய்விடலாம். ஒரே ஒரு நிபந்தனை. மருந்தை யாராவது ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஏனோதானோ என்று சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் அந்த மருந்து அவர்களுக்கும் கேட்காது, அவர்களிடமிருந்து தொற்றுகிறவர்களுக்கும் கேட்காது.

"நீங்க டாக்டரா இருக்கணும்னு இல்ல பாய். பாத்துக்கினு இருந்தா போதும்," என்றார்.

சரி என்றேன். சேவை மனப்பான்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பள்ளிவாசலில் நாலு பேர் என்னைப் பெரிய மனுஷன் என்று பேசுவார்கள் என்பதுதான் நிஜமான காரணம்.

மருந்துப் பெட்டி வந்தது. மூடியில் 'வேண்டா, சதுரங்கப்பட்டினம்' என்று எழுதியிருந்தது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கிறவள். திங்கள், புதன், வெள்ளி காலையில் படியோரம் வந்து நிற்பாள். ஏழு மாத்திரையை விழுங்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும், நடுவில் இருமல் வேறு. நான் கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டு அட்டையில் டிக் போடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு டவுன்ஷிப் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அடுத்த திங்கட்கிழமை வேண்டாவைப் பின்பக்கச் சந்துக்கு வரச் சொல்லி, அந்த வாரத்து மூன்று நாள் மாத்திரைப் பாக்கெட்டையும் சேர்த்துக் கையில் கொடுத்தேன்.

"வூட்டுலயே முழுங்கிடு. நீ பொறுப்பானவதான."

"ராஜேந்திரன் சார் திட்டுவாரு பாய்."

"அத நான் பாத்துக்கிறேன்."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே மூன்று டிக்கையும் ஒரே மூச்சில் போட்டேன். அதற்குப் பிறகு எல்லா வாரமும் அப்படித்தான்.

இரண்டு மாதம் கழித்துச் சளிப் பரிசோதனையில் கிருமி போகவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்று இன்னொரு மாதம் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த பரிசோதனைகளிலும் போகவில்லை. ராஜேந்திரன் வேண்டாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். உள்ளே இரண்டு அம்மாக்கள் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டா படியேறவில்லை.

"கார்டுல ஒரு நாள் கூட விடல பாய். மருந்து முழுசா உள்ள போயும் கிருமி சாவலன்னா, அது அடங்காத கிருமின்னு அர்த்தம். ஊசி போட்டு வேற வைத்தியம், எட்டு மாசம்," என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "எல்லாம் பாய் எதிர்லதான முழுங்குன?"

"ஆமா சார். பாய் தண்ணி கூட மொண்டு குடுப்பாரு."

ஒரு நாள் கூட நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை.

ராஜேந்திரன் ஏதோ படிவம் எடுக்க வண்டிக்குப் போனார். நான் படியிறங்கி அவளிடம் போனேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நீ மாட்டிக்கப் போறியேன்னுதான். நீ மொத்தமா குடுத்ததாலதான அவருக்கும் மருந்து கெடச்சுது."

"எவருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு. அவருக்கும் இதே இருமல் கீது பாய். வெளிய தெரிஞ்சா மீன்புடிக்கிற போட்டுல ஏத்த மாட்டாங்க. அதான் திங்கக்கெழம பாக்கெட்டு எனக்கு, புதங்கெழமது அவருக்கு, வெள்ளிக்கெழமது ஆளுக்குப் பாதி." ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு வைத்த பெருமை அவள் குரலில் இருந்தது. "நீ நல்லா இருக்கணும் பாய்."

அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாத்திரையும் அவள் வாய்க்குள் போவதை நான் பார்த்திருந்தால் அவள் குணமாகியிருப்பாள். அவள் புருஷனும் இருமல் முற்றி, என்றைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். நான் அரைகுறை மருந்தைக் கொடுத்து, இரண்டு பேரின் நெஞ்சிலும் கிருமியை வளர்த்துவிட்டிருந்தேன்.

ராஜேந்திரன் படிவத்தை மேசையில் வைத்து, "எல்லாம் உங்க எதிர்ல சாப்ட்டதுன்னு ஒரு கையெழுத்து," என்று பேனாவை நீட்டினார். வாங்கினேன். கையெழுத்துப் போட்டால் என் பெயர் கெடாது. அவன் போட்டிலும் வீட்டிலும் இருமிக்கொண்டே இருப்பான், யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் முதலில் குனிந்தேன்.

"நான் பாக்கல சார்," என்றேன். "கடைக்கு வர்றவங்க மொகம் சுளிக்கிறாங்கன்னு மொத்தமா குடுத்து அனுப்பிட்டேன். டிக் எல்லாம் பொய். அவ புருஷனுக்கும் நோய் கீது, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினாங்க."

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ராஜேந்திரன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையை எடுத்து மடித்தார்.

"இந்தக் கார்டதான் பாய், மத்த கடைக்காரங்களுக்கு மாதிரின்னு காட்டிக்கினு இருந்தேன்," என்றார்.

வேண்டா வாசலிலிருந்து, "போட்டுல ஏத்த மாட்டாங்களே பாய்," என்றாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் புருஷனுக்கும் பரிசோதனை நடந்தது. அவளைவிட மோசமாக இருந்தது. போட்டில் ஏற்றவில்லை. இரண்டு பேருக்கும் புதிதாக வைத்தியம் தொடங்கியது. ஊசி சுகாதார நிலையத்தில், மாத்திரை ஊருக்குள். அங்கன்வாடி டீச்சரிடம் பெட்டியை வைக்கலாம் என்று ராஜேந்திரன் கேட்டதற்கு, பாய் கடையிலேயே இருக்கட்டும் என்றாளாம் வேண்டா. எனக்குப் புரியவில்லை. மன்னித்துவிட்டாளோ என்று அல்பத்தனமாக ஒரு நிம்மதி வந்தது.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் குஷன் நாற்காலி இரண்டைக் கடை வாசலில் போட்டேன். பஜாரே பார்த்தது. தண்ணீர் மொண்டு வந்தபோது கேட்டுவிட்டேன்.

"திரும்பவும் ஏன் என்னாண்ட வந்த?"

"அவ்ளோ பேரு எதிர்ல அசிங்கப்பட்டியே," என்றாள். "இனிமே நீ ஏமாத்த மாட்ட."

ஒவ்வொன்றாக எல்லா மாத்திரையையும் விழுங்கினாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். வாயை அகலமாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, என் முகத்துக்கு நேரே காட்டினாள். நான் கேட்கவே இல்லை. தலை குனிந்தேன்.

"பாரு பாய்," என்றாள்.

பார்த்தேன். அதற்குப் பிறகுதான் டிக் போட விட்டாள்.